ஐந்து லட்சம், ஐந்து பேர், திம்பம் மலை: சின்னக் கார் தகுமா?

கோபிசெட்டிபாளையம் பக்கம் இருக்கிறீர்கள், கையில் ஐந்து லட்சம் இருக்கிறது, புதிதாக ரெனோ க்விட் எடுக்கலாமா, "அது டப்பா கார்" என்கிறார்களே, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மைலேஜ் எவ்வளவு, எந்தக் கலர் நல்லது என்றெல்லாம் நாலு வரி எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, நீங்கள் என்று ஐந்து பேர்; மாமனார் ஊர் தாளவாடி. எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியாகப் படுகிறது. ஐந்து பேரை உட்கார வைத்து, பண்ணாரி தாண்டி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்க ஐந்து லட்சத்துக்குள் ஒரு கார் உண்டா என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது. அதற்கே பதில் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அதற்கு முன் எட்டு வருஷம் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை. எல்லாம் சேர்த்து 23 வருஷம் ஆகிறது. இதில் ஒரு கோளாறு உண்டு: என்னிடம் வருவது பழுதான கார்தான். ஒழுங்காக ஓடுகிற கார்க்காரர் வீட்டில் நிம்மதியாக இருக்கிறார், என் கண்ணில் படுவதில்லை. ஆகவே எந்தக் கார் எத்தனை சதவீதம் பழுதாகும் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். பழுதானால் என்ன ஆகும், எதனால் ஆகும் என்பதை மட்டும் நம்பலாம்.

சரி, டப்பா விஷயம். க்விட் 2015 செப்டம்பரில் வந்தது. நம் ஒரகடத்தில்தான் தயாராகிறது. முதலில் 799 சி.சி. எஞ்சின், அடுத்த வருஷமே 999 சி.சி.யும் சேர்ந்தது. 2023-இல் சின்ன எஞ்சினை நிறுத்திவிட்டார்கள், இப்போது புதிதாக எடுத்தால் 999 சி.சி. மட்டும்தான். மூன்று சிலிண்டர், 68 குதிரைத்திறன். விலையைக் குறைக்க எங்கெல்லாம் கை வைத்தார்கள் என்பது காரைச் சுற்றி வந்தாலே தெரியும். முன் கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். வந்த புதிதில் சக்கரத்துக்கு மூன்றே நட்டு. மற்ற கார்களில் நான்கு பார்த்துப் பழகியவர்கள் அதைப் பார்த்துத்தான் முதலில் சிரித்தார்கள். மூன்று நட்டு என்பதால் சக்கரம் கழன்று ஓடிவிடாது. அந்த எடைக்கு அது போதும் என்று கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். கதவைத் தட்டினால் ணங்கென்று சத்தம் வருகிறது என்பதை வைத்து எந்தக் காரையும் எடை போடாதீர்கள். அது உள்ளே ஒட்டியிருக்கும் பஞ்சு, தார் ஷீட்டின் விஷயம். காரின் எலும்பு வேறு. எலும்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

காசுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் எஞ்சினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு முன் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 29. அப்போது க்விட்டின் தொடக்க விலை சுமார் 4.30 லட்சம், அதன் போட்டிக் காரான மாருதி ஆல்டோ கே10 சுமார் 3.70 லட்சம் என்று வந்தது. இவை எக்ஸ்ஷோரூம் விலைகள், அதாவது சாலை வரி, இன்சூரன்ஸ், பதிவுச் செலவு சேராதவை. இன்று என்ன விலை என்று ஷோரூமில் கேட்டுக்கொள்ளுங்கள், வருஷம் பிறந்தால் ஏற்றுவார்கள். தமிழ்நாட்டில் ஐந்து லட்சம் வரையான காருக்குச் சாலை வரி 12 சதவீதம், அதைத் தாண்டினால் பத்து லட்சம் வரை 13. 4.30 லட்சத்துக்கு வரி மட்டும் 51,600 ரூபாய். இன்சூரன்ஸில், மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகக் கட்டியே ஆக வேண்டும், 1,000 சி.சி. வரை அது 6,521 ரூபாய், தாண்டினால் 10,640. (999 சி.சி., 998 சி.சி. என்று எஞ்சின் செய்கிறார்களே, உங்களுக்கு அதில் இப்படி ஒரு லாபம்.) நம் காருக்கான காப்பீடு, பதிவுச் செலவு, நம்பர் பிளேட், ஃபாஸ்டேக் எல்லாம் சேர்த்தால் அடிமட்ட வகையே ஐந்து லட்சத்தைத் தொட்டுத் தாண்டும். சீட் கவர், மேட், மட்ஃபிளாப் என்று ஷோரூமில் நீட்டும் பட்டியல் தனி.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. விளம்பரத்தில் போடும் தொடக்க விலை பெரும்பாலும் யாரும் வாங்காத வகையின் விலை. ஆல்டோ கே10 2022-இல் மறுபடி வந்தபோது அதன் அடிமட்ட வகையில் ஏ.சி.யும் இல்லை, பவர் ஸ்டீயரிங்கும் இல்லை. கோபி வெயிலில் அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்து அதை ஓட்ட முடியாது. ஆகவே எந்தக் காரையும் அதன் இரண்டாவது, மூன்றாவது படி வகையின் ஆன்ரோடு விலையை (எல்லாச் செலவும் சேர்ந்தது) வைத்தே ஒப்பிடுங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் ஐந்து லட்சத்துக்குள் புதுக் கார் வருவது இழுபறிதான்.

மைலேஜ் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருக்கிறீர்கள், நான் கொஞ்சமாகத்தான் சொல்வேன். ஆல்டோ கே10-க்கு லிட்டருக்கு 24.39 கி.மீ. என்று போட்டிருப்பது ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்த கணக்கு. அது கார்களைத் தங்களுக்குள் ஒப்பிட உதவும், உங்கள் பர்ஸுக்கு உதவாது. ஏ.சி. போட்டு, ஊருக்குள்ளும் பைபாஸிலும் கலந்து ஓட்டினால் 16-இலிருந்து 19 வரை என்று என்னிடம் வருகிறவர்கள் சொல்கிறார்கள். மாதம் 500 கி.மீ. ஓட்டுவேன் என்கிறீர்கள். 17 கி.மீ. கொடுத்தால் மாதம் 30 லிட்டர், மூவாயிரம் ரூபாய். 20 கொடுத்தால் 25 லிட்டர். வித்தியாசம் மாதம் ஐந்நூறு ரூபாய். இந்த ஐந்நூறுக்காகத்தான் மக்கள் மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது: ஐந்து வருஷத்தில் நீங்கள் ஓட்டப்போவது 30,000 கி.மீ. கார் விலையில் கரைவது இரண்டரை லட்சம் என்று வையுங்கள், பெட்ரோல் 1.8 லட்சம், இன்சூரன்ஸ் புதுப்பிப்பும் சர்வீஸும் ஐம்பதாயிரம். கி.மீ.க்கு 16 ரூபாய் வந்துவிடுகிறது. நாலு லட்சம் கடன் வாங்கினால் 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு மாதம் 8,300 தவணை. வட்டி மட்டும் 98,000. அதையும் சேர்த்தால் 19 ரூபாய். நம் ஊரில் டாக்சிக்காரர் கேட்பதும் அதைச் சுற்றித்தான். ஆக, உங்கள் ஓட்டத்துக்குச் சொந்தக் கார் பணத்தை மிச்சம் பிடிக்காது. ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யாரையும் கூப்பிடாமல் கிளம்பலாம், அதற்குத்தான் காசு. அது தேவையில்லாத செலவு என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது மலைக்கு வருவோம். இந்தக் கார்களின் எடை 750 கிலோவை ஒட்டியது. நீங்கள் ஐந்து பேர், பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் 300 கிலோ. மாமியார் வீட்டிலிருந்து வரும்போது முட்டைக்கோஸ் மூட்டை, ராகி மூட்டை இல்லாமல் யாராவது தாளவாடியிலிருந்து இறங்கியிருக்கிறார்களா? 350 கிலோ என்று வையுங்கள். காரின் எடையில் கிட்டத்தட்டப் பாதியை அதன் முதுகில் ஏற்றுகிறீர்கள். பெரிய காருக்கு ஐந்து பேர் பொருட்டில்லை, சின்னக் காருக்கு அது வேறொரு காராகவே மாறிப்போவது மாதிரி. ஒருவர் மட்டும் உட்கார்ந்து டெஸ்ட் டிரைவ் போய்விட்டு "பிக்அப் நன்றாக இருக்கிறது" என்று சொல்வதில் பொருளே இல்லை.

எஞ்சினின் இழுவை எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பதும் மலையில் முக்கியம். க்விட்டின் உச்ச இழுவை 91 என்.எம். (இழுவையை அளக்கும் அலகு); அது எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 4,250 சுற்று சுற்றும்போது கிடைக்கிறது. ஆல்டோ கே10-க்கு 89. ஆனால் 3,500-இலேயே வந்துவிடுகிறது. காகிதத்தில் க்விட் இரண்டு புள்ளி கூட, மேட்டில் ஆல்டோ கொஞ்சம் கைக்கு அடங்கும். எதுவானாலும் எஞ்சினைக் கதற விட்டுத்தான் ஏற வேண்டும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து மேல் கியர் போடுகிறவர்கள்தான் என்னிடம் வந்து சேர்கிறார்கள்.

அப்படி வந்த ஒன்றைச் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு கம்பெனியினுடையதும் அல்ல. ஆயிரம் சி.சி. கார், 18,000 கி.மீ. ஓடியது. பண்ணாரி சோதனைச் சாவடியிலிருந்து ரெக்கவரி வண்டியில் ஏற்றி வந்தார்கள். எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, கார் நகரவில்லை. கியர் பாக்ஸை இறக்கிக் கிளட்ச் பிளேட்டைக் கையில் எடுத்தால் அது தேய்ந்து ரிவெட் தலைகள் வெளியே தெரிகின்றன, பிரஷர் பிளேட் நீலமாகக் கறுத்துப்போயிருக்கிறது. கருகிய வாடை மறுநாள் வரை கடையில் இருந்தது. கேட்டால், வளைவில் முன்னே லாரி நின்றிருக்கிறது, காரில் ஆறு பேர், பின்னால் உருளாமல் இருக்க ஹேண்ட்பிரேக் போடாமல் கிளட்ச்சை அரை மிதியில் பிடித்துக்கொண்டே ஐந்து நிமிஷம் நின்றிருக்கிறார். அப்படி நாலு வளைவு. சாதாரணமாக 50,000, 60,000 கி.மீ. வர வேண்டிய பிளேட். பெரிய எஞ்சின் இந்தத் தவற்றைச் சற்று மன்னிக்கும், சின்ன எஞ்சின் மன்னிக்காது. நீங்கள் இப்போதுதான் ஓட்டப் பழகுகிறீர்கள் என்பதால் இதைச் சொன்னேன். கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றும் ஏ.எம்.டி. கார் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை என்று யாராவது சொன்னால், அதற்குள்ளும் இதே கிளட்ச் பிளேட்தான் இருக்கிறது, மிதிப்பது மோட்டார் என்பது மட்டுமே வித்தியாசம். மேட்டில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக் காரை நிறுத்தி வைத்தால் அதுவும் எரியும்.

இறங்கும்போது எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது லாரிக்காரர்களின் சட்டம், காருக்கும் அதுதான். நியூட்ரலில் விட்டு இறங்குவது பெட்ரோல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வேண்டவே வேண்டாம்.

எலும்புக்கு வருகிறேன். மோதல் சோதனை முடிவுகள் பொதுவில் இருப்பவை. க்விட்டை, கார்களை மோத விட்டு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2016 மே மாதம் சோதித்தபோது பூஜ்ஜியம், அதே வருஷம் மேம்படுத்திய காருக்கு ஒரு நட்சத்திரம். ஆல்டோ கே10-க்கு 2023-இல் பெரியவர்கள் பாதுகாப்பில் இரண்டு, குழந்தைகள் பாதுகாப்பில் பூஜ்ஜியம். டாடா டியாகோவுக்கு 2020-இல் பெரியவர்கள் பாதுகாப்பில் நான்கு. இவற்றை அப்படியே வரிசை போட முடியாது, ஏனென்றால் 2022 ஜூலையில் சோதனை விதிகளைக் கடுமையாக்கினார்கள். டியாகோ வாங்கிய நான்கு பழைய விதியில், முன்பக்க மோதலில் மட்டும். காரும் அதே கார் அல்ல: ஆல்டோ கே10-இல் 2025 மார்ச் முதல் எல்லா வகையிலும் ஆறு ஏர்பேக் கொடுக்கிறார்கள், சோதித்தபோது இரண்டுதான். ஏர்பேக் கூடியதால் கூடு பலமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் பக்கவாட்டு அடியில் தலைக்கு ஒரு தலையணை கிடைக்கும். நட்சத்திரத்தை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: பிள்ளையை முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது எந்தக் காரிலும் ஆபத்து, ஏர்பேக் உள்ள காரில் கூடுதல் ஆபத்து. பின் சீட்டில் மூன்று பேருக்கும் பெல்ட் இருக்கிறதா, பெல்ட்டின் நாக்கு சீட்டுக்குள் புதைந்துகொள்ளாமல் கைக்கு வருகிறதா என்று ஷோரூமிலேயே உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். இதைச் செய்து பார்த்து வாங்கியவர் என்று எனக்குத் தெரிந்து இரண்டே பேர்.

சர்வீஸ் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. மாருதிக்குச் சின்ன ஊரில்கூட உதிரி பாகம் கிடைக்கும், தெருவோர மெக்கானிக்குக்கும் கை பழக்கம் இருக்கும், திரும்ப விற்கும்போது புரோக்கர் முகம் சுளிக்க மாட்டார். ரெனோவுக்கு அந்த அளவு கிடையாது. புக்கிங் போடுவதற்கு முன் உங்களுக்குப் பக்கத்து சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து கிளட்ச் செட், முன் பம்பர், இடது பக்கக் கண்ணாடி மூன்றுக்கும் என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். மூன்றும் நாலு நாளுக்குள் என்றால் கவலை இல்லை. "ஆர்டர் போட்டுத்தான் சார் சொல்ல முடியும்" என்றால் யோசியுங்கள். கம்பெனி போய்விடுமோ என்ற பயமும் கேட்டிருந்தீர்கள். ஷெவர்லே 2017-இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது, டாட்சன் 2022-இல் நின்றது. ஆனாலும் டாட்சன் ரெடிகோ வைத்திருப்பவர்கள் இன்றும் ஓட்டுகிறார்கள், ஏனென்றால் அது க்விட்டின் உடன்பிறப்பு, எஞ்சின் சாமான்கள் அதே. விற்கப் போனால்தான் விலை அடிபடும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன்? தாளவாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் என்றால், புது ஆல்டோ கே10-இன் நடு வகை எடுப்பேன். பட்ஜெட் சற்று நீளும். பின் சீட்டு இடமும் டிக்கியும் முக்கியம் என்றால் க்விட். அதன் டிக்கி 279 லிட்டர், ஆல்டோவினுடையது 214. தரையிலிருந்து உயரமும் க்விட்டுக்கு 184 மி.மீ., கிராமத்து வேகத்தடைகளுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் மாதம் இரண்டு தடவை ஐந்து பேரோடு திம்பம் ஏற வேண்டும் என்றால் ஆயிரம் சி.சி. புதுக் கார் எதுவும் உங்கள் காசுக்குத் தகாது. அப்போது 2018-க்குப் பிறகு வந்த 1.2 லிட்டர் பெட்ரோல் பழைய கார் தேடுவேன். மாருதி ஸ்விஃப்ட்டில் 113 என்.எம்., டியாகோவிலும் கிட்டத்தட்ட அதே. ஸ்விஃப்ட் சீக்கிரம் விற்கும், அதனால் பழையதிலும் விலை அதிகம் கேட்பார்கள். அதே காசுக்கு டியாகோ ஓரிரண்டு வருஷம் புதிதாகக் கிடைக்கும். நான் டியாகோ பக்கம் சாய்வேன்.

பழைய காரில் எனக்கு இருக்கும் ஒரே தயக்கம், நீங்கள் பார்க்கப்போகிற அந்த ஒரு காரை நான் பார்க்கவில்லை என்பது. மாடல் நல்லது என்பதால் அந்தக் கார் நல்லதாகிவிடாது. ஆர்.சி.யின் விவரத்தை அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டு எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ் என்று முடிகிறது என்று பாருங்கள். ஓடிய கி.மீ.யை மீட்டரில் பார்க்காதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து கடைசி சர்வீஸ் எத்தனை கி.மீ.யில் நடந்தது என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். 2021 மாடல், 20,000 கி.மீ. என்று சொல்லும் காரில் நான்கு டயரும் 2024 தேதியில் இருந்தால் மீட்டரைச் சந்தேகப்படுங்கள், அவ்வளவு கொஞ்சம் ஓடினால் நான்கு டயரும் சாதாரணமாகத் தேயாது. பேனட்டைத் திறந்து, முன் ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளைப் பாருங்கள். பெயின்ட் உரிந்து ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள்.

சென்னைப் பதிவு வண்டி மலிவாக வந்தால் 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டு பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், பாதியில் நிற்க விடாதீர்கள். தண்ணீர் ஏறிய காரில் எல்லாவற்றையும் ஷாம்பு போட்டுக் கழுவியிருப்பார்கள். ஆனால் பெல்ட்டின் கடைசி ஒரு அடி உள்ளே சுருண்டு கிடப்பதால் அங்கே கை போயிருக்காது. செம்மண் நிறத்தில் ஒரு கோடு ஓடினால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். அதற்கு மேல் பேரம் பேச எதுவும் இல்லை.

புதிதோ பழையதோ, வாங்கும் முன் வீட்டார் அனைவரையும் ஏற்றி ஏ.சி. போட்டு பச்சைமலை கோயில் ஏற்றத்தில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். நடு மேட்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, திரும்ப எடுங்கள். ஷோரூம் பையன் "எதுக்கு சார் இவ்வளவு பேர்" என்பான். அம்மாவுக்குச் சாமி கும்பிட வேண்டும் என்று சொல்லுங்கள். பழைய காராக இருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்களே போட வேண்டும். நீங்கள் போய்ச் சேரும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.